தேய்ந்த காசில் அரியதைத் தேடுவோருக்கு

என் பெட்டியில் இருக்கும் பழங்காசுகளில் பாதிக்கு மேல், ஏலப் பட்டியலில் 'மோசமான நிலை' என்று இரண்டே சொல்லில் தள்ளிவிடப்பட்டவை. மூக்கு தேய்ந்த பேரரசர்கள், ஓரம் கரைந்து பாதி எழுத்து போன செம்புத் துண்டுகள், உளி வெட்டு விழுந்த வெள்ளி. ஆனால் ஒவ்வொன்றும் யாருடைய காசு, எங்கே அடித்தது, ஏன் அரிது என்று என்னால் சொல்ல முடியும். எதை வைத்துச் சொல்கிறேன் என்று காசிலேயே தொட்டுக் காட்டவும் முடியும். இந்தச் சேகரிப்பில் நான் கைவிடாத விதி ஒன்றுதான்: ஒரு காசை அரிதாக்குவது எதுவோ, அது அந்தக் காசில் பிழைத்திருக்க வேண்டும். மற்றதெல்லாம் தேய்ந்து போகட்டும், பரவாயில்லை.

நல்ல நிலையில் கிடைக்கும் அரிய காசு பெரும்பாலும் நம் கைக்கு எட்டாது. அதே காசு தேய்ந்து வரும்போது அதைச் சீந்த ஆள் இருக்காது. வாங்குகிறவர்களில் பலர் படத்தைப் பார்த்து முகம் சுளித்துவிட்டு அடுத்த பக்கம் போய்விடுவார்கள். அந்த இடத்தில்தான் பொறுமையாகப் படிக்கத் தெரிந்தவருக்கு வேலை.

ஏன் அரிது என்று முதலில் கேளுங்கள்

அரிது என்று சொல்லும்போது எதனால் அரிது என்பதைக் கேட்டுத் தெளிவு செய்துகொள்ளுங்கள். ஆட்சி சில வாரமே நீடித்ததால் சிலருடைய காசு அரிது. ரோமப் பேரரசில் கி.பி. 193-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பெர்டினாக்ஸ் 87 நாள் ஆண்டார், அவருக்குப் பின் வந்த டிடியஸ் ஜூலியானஸ் 66 நாள். கி.பி. 69-இல் ஓத்தோ மூன்று மாதம். கி.பி. 238-இல் கோர்டியன் என்ற பெயருள்ள அப்பாவும் மகனும் சேர்ந்து சுமார் மூன்று வாரம். இவர்களுடைய காசில் அரிதானது ஆள்தான். ஆளை அடையாளம் காண முடிந்தால் போதும், காசு எவ்வளவு தேய்ந்திருந்தாலும் அது அரிய காசுதான்.

இன்னொரு வகை அரிது, பின்பக்கத்து உருவத்தால் வருவது. ஆள் சாதாரண ஆள், ஆனால் அந்தக் கட்டிடமோ தெய்வமோ சில காசுகளில்தான் வரும். இதுவும் தேய்ந்த காசில் பார்த்துச் சேர்க்கத் தக்கதே. உருவத்தின் வெளிக்கோடு கடைசிவரை தாங்கும்.

மூன்றாவது வகை, எழுத்தில் ஒரு புள்ளி கூடுதலாக இருப்பது, பட்டத்தில் ஒரு சொல் மாறியிருப்பது போன்றவை. இதைத் தேய்ந்த காசில் தேடவே தேடாதீர்கள். ஓரத்து எழுத்துதான் முதலில் போவது. புள்ளி இருந்ததா, அது அழுக்கா என்று காலமெல்லாம் வாதம் செய்துகொண்டிருக்க வேண்டும்.

எவ்வளவு அரிது என்பதற்குப் பழைய அச்சுப் பட்டியல்களில் போட்டிருக்கும் தரக்குறியை மட்டும் நம்ப வேண்டாம். அவற்றில் பல, மெட்டல் டிடெக்டர் பரவுவதற்கு முன்பு எழுதியவை. அதற்குப் பின் மண்ணிலிருந்து வந்த காசுகள் கணக்கை நிறையவே மாற்றிவிட்டன. ரோமப் பேரரசுக் காசுகளுக்கு ஓசிஆர்ஈ, மாகாண நகரங்கள் அடித்த காசுகளுக்கு ஆர்பிசி ஆன்லைன் என்று இரண்டு தரவுத்தளங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அருங்காட்சியகங்களில் அந்த வகை எத்தனை இருக்கிறது என்று அங்கே படத்தோடு பார்க்கலாம். நான் எதையும் வாங்குவதற்கு முன் அங்கே ஒருமுறை போய்வந்துவிடுவேன்.

அடையாளம் எந்த இடத்தில் இருக்கிறது

இதை ஒரு காசை வைத்தே சொல்கிறேன். ரோமத் தளபதி மார்க் ஆண்டனி கி.மு. 32, 31 ஆண்டுகளில் தன் படைகளுக்குச் சம்பளம் கொடுக்க அடித்த வெள்ளி டெனாரியஸ். முன்பக்கம் துடுப்புகளோடு ஒரு போர்க்கப்பல். பின்பக்கம் நடுவில் கழுகுக்கொடி, இருபுறமும் படைக்கொடிகள், அவற்றின் நடுவே படைப்பிரிவின் எண். வெள்ளியில் செம்பு சற்று அதிகம் கலந்திருந்ததால் நல்ல வெள்ளியை மக்கள் பதுக்கிக்கொண்டு இதையே செலவு செய்தார்கள். அதனால் இந்தக் காசு இருநூறு ஆண்டுக்கு மேல் கைமாறிக்கொண்டே இருந்தது. மூன்றாம் நூற்றாண்டுப் புதையல்களில்கூட இது கிடைக்கிறது. ஆக, மொழுமொழுவென்று தேய்ந்து வருவதுதான் இதன் இயல்பு.

பொதுவாக இது அரிய காசு இல்லை. ஆனால் சில எண்கள் மற்றவற்றைவிடக் குறைவாக வரும். பெயரோடு வரும் சில பிரிவுகள், மெய்க்காவல் படை, வேவுப் படை இவற்றுக்கு அடித்தவை அரியவை. இப்போது விதியைப் பொருத்திப் பாருங்கள். சாதாரண வகையில் எண் இருப்பது கீழ்ப்பாதியில், கொடிக்கம்பங்களுக்கு நடுவே பள்ளத்தில். இருபுறமும் கம்பங்கள் மேடாக நின்று தேய்மானத்தை வாங்கிக்கொள்வதால் எண் பல நேரம் தப்பித்துவிடுகிறது. கப்பல் முழுக்கப் போய்விட்ட காசில்கூட எண்ணைப் படித்திருக்கிறேன். எண்ணின் கடைசிக் கோடுதான் ஏமாற்றும். ஆறா, ஏழா, எட்டா என்பதை ஒரே ஒரு செங்குத்துக் கோடு முடிவு செய்யும். அந்தக் கோட்டுக்கும் பக்கத்துக் கொடிக்கம்பத்துக்கும் நடுவே எவ்வளவு இடம் மிச்சம் என்று பார்த்தால், கோடு தேய்ந்ததா, முதலிலிருந்தே இல்லையா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். ஒன்பதை இரண்டு விதமாக எழுதியிருக்கிறார்கள் என்பதையும் மனத்தில் வையுங்கள். ஒன்றில் பத்துக்கு முன் ஒரு கோடு, இன்னொன்றில் ஐந்துக்குப் பின் நான்கு கோடு.

பெயருள்ள வகைகளில் எழுத்து மேல் ஓரமாகப் போகும். அது முதலில் தேயும் இடம். அதனால் தேய்ந்த காசில் அந்தப் பெயர்களை மெய்ப்பிப்பது கடினம். இதற்கு ஒரு விலக்கு, வேவுப் படையின் காசு. அதில் கழுகுக்கொடி கிடையாது. மாலையும் கப்பல் முகப்பும் பொருத்திய மூன்று கொடிகள் வரிசையாக நிற்கும். ஓர் எழுத்துகூட மிச்சமில்லாமல் தேய்ந்தாலும் நடுவில் கழுகு இல்லை, மூன்றும் ஒரே மாதிரி இருக்கின்றன என்பதை வெளிக்கோடே சொல்லிவிடும். தேய்ந்த காசு சேர்ப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான அரிய காசு அதிகம் இல்லை என்பேன்.

இந்த மாதிரி ஒவ்வொரு வகைக்கும் 'இது எங்கே தெரியும்' என்று ஒரு குறிப்பு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஓத்தோ என்றால் தலைமுடி. அவர் பொய்முடி வைத்திருந்தவர், காசில் அது வரிவரியான அலையாக நெற்றிவரை வரும். நெர்வா என்றால் ஒல்லியான நீளக் கழுத்து. வெஸ்பாசியன் என்றால் தடித்த கழுத்தும் வளைந்த மூக்கும். பேரரசரின் பெயர் போனாலும் கழுத்தும் தாடையும் சேர்ந்த வெளிக்கோடு போகாது.

இந்தியப் பகுதிக் காசுகளில் இந்தக் கணக்கு இன்னும் சுவையாக இருக்கும். இந்தோ-கிரேக்க மன்னர்களின் வெள்ளிக் காசில் முன்பக்கம் கிரேக்கத்தில் பெயர், பின்பக்கம் வடமேற்கு இந்தியாவின் பழைய எழுத்தான கரோஷ்டியில் அதே பெயர். ஒரு பக்கம் போனால் இன்னொரு பக்கம் சாட்சி சொல்லும். கரோஷ்டி எழுத்துகளை அடையாளம் காணும் அளவுக்குக் கற்றுக்கொள்வது நீங்கள் நினைப்பது போல் பெரிய வேலை இல்லை. குஜராத், மாளவப் பகுதிகளை ஆண்ட மேற்கு க்ஷத்ரபர்களின் சின்ன வெள்ளிக் காசில் மன்னர் தலைக்குப் பின்னால் சக ஆண்டு எண் வரும். தகடு சிறிது என்பதால் அந்த எண் பல காசுகளில் விளிம்புக்கு வெளியே போயிருக்கும். கவலை வேண்டாம். பின்பக்கம் மூன்று வளைவு மலையைச் சுற்றி ஓடும் பிராமி எழுத்தில் மன்னர் பெயர் மட்டுமல்ல, அவர் தந்தையின் பெயரும் பட்டமும் இருக்கும். மகன் பெயர் பாதி போயிருந்தாலும் தந்தை பெயர் கிடைத்தால் ஆளைப் பிடித்துவிடலாம்.

நேர்மாறான நிலைக்குச் சங்ககாலப் பாண்டியரின் சதுரச் செப்புக் காசு நல்ல எடுத்துக்காட்டு. பின்பக்கம் கோட்டுருவமாக ஒரு மீன். முன்பக்கத்தில் தமிழ்ப் பிராமியில் 'பெருவழுதி' என்று பெயர் இருந்தால் அதன் மதிப்பே வேறு. அந்த எழுத்து தேய்ந்துவிட்டால், மீன் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அது மற்ற மீன் காசுகளோடு ஒன்று. 'பெருவழுதியாக இருக்கலாம்' என்று யாராவது சொன்னால் காசைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

படிக்கும் முறை

கருவிகள் அதிகம் வேண்டாம். பத்து மடங்கு லென்ஸ், நூறில் ஒரு கிராம் காட்டும் சின்னத் தராசு, விட்டம் அளக்க ஒரு காலிப்பர், கையில் பிடிக்கும் எல்இடி டார்ச். அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சை மேசையோடு மேசையாகப் படுக்கவைத்து, ஒளி காசின் மேல் சாய்ந்து விழும்படி பிடியுங்கள். டார்ச்சை அசைக்காமல் காசை மெல்லச் சுழற்றுங்கள். நேர் வெளிச்சத்தில் வழவழப்பாகத் தெரிந்த இடத்தில் சட்டென்று ஒரு கோடு எழும். இன்னும் கொஞ்சம் திருப்பினால் அது மறைந்து வேறொன்று எழும். எந்த ஒரு கோணத்திலும் முழு எழுத்தும் தெரியாது. அதனால் தெரிந்ததைத் தெரிந்தவுடன் தாளில் வரைந்துவிடுங்கள். வட்டம் போட்டு, கடிகாரத்தில் மணி காட்டுவதுபோல் 'இரண்டு மணியில் ஒரு செங்கோடு, மூன்று மணியில் வளைவு' என்று குறித்தால் போதும்.

அப்புறம் நான்கு திசையிலிருந்தும் ஒளி விழ நான்கு படம் எடுத்து, கருப்பு வெள்ளையாக்கி, கான்ட்ராஸ்ட் கூட்டிப் பாருங்கள். பட்டினா, அதாவது காலப்போக்கில் உலோகத்தின் மேல் படியும் படலம், உறுதியாக இருக்கும் செப்புக் காசை ஒரு சொட்டு காய்ச்சி வடித்த நீரால் நனைத்துப் பார்த்தாலும் நிற வேறுபாடு கூடும். பார்த்து முடித்ததும் நன்றாக உலர்த்த மறக்காதீர்கள்.

என்னிடம் இருக்கும் டிடியஸ் ஜூலியானஸ் செஸ்டர்டியஸை, அதாவது ரோமரின் பெரிய பித்தளைக் காசை, படித்த விதத்தைச் சொல்கிறேன். விற்றவரின் சீட்டில் 'தாடி வைத்த பேரரசர், 2-ஆம் நூற்றாண்டு' என்றுதான் இருந்தது. தேய்ந்தும் எடை கனமாகவே இருந்தது. தேய்ந்த விளிம்பில் தெரிந்த உலோகம் மஞ்சள் சாயல், அதாவது துத்தநாகம் கலந்த பித்தளை. ஆகவே செஸ்டர்டியஸ் என்பது உறுதி. முகத்தில் கண், காது எதுவும் இல்லை. நீளத் தாடியின் வெளிக்கோடு மட்டும் தெரிந்தது. அதே தாடி பெர்டினாக்ஸுக்கும் உண்டு, மார்க்கஸ் ஆரேலியஸுக்கும் உண்டு. பின்பக்கத்தைச் சாய்த்துப் பார்த்தபோது நடுவில் நிற்கும் பெண் உருவம், அவளுக்கு இருபுறமும் மேலிருந்து கீழ்வரை இரண்டு செங்குத்துக் கோடுகள். இரண்டு படைக்கொடிகளைப் பிடித்திருக்கும் தெய்வம்.

ஜூலியானஸ் செஸ்டர்டியஸில் பின்பக்க வகை மூன்றுதான். இரண்டு கொடிகளோடு ஒற்றுமைத் தெய்வம் கான்கார்டியா, சுக்கானோடு அதிர்ஷ்டத் தெய்வம் ஃபார்ச்சூனா, உலக உருண்டையோடு பேரரசர். முதல் வகைக்கு இது பொருந்துகிறது. ஆனால் கொடி பிடித்த தெய்வம் வேறு பேரரசர்களுக்கும் வரும் என்பதால் அது மட்டும் சாட்சி ஆகாது. முன்பக்கம் தலைக்கு மேலே டார்ச் ஒளியில் 'டி', 'ஐ', மறுபடி 'டி' என்று மூன்று எழுத்து வரிசையாக வந்தது. பேரரசர் பெயர்களில் அந்த வரிசை அந்த இடத்தில் வருவது டிடியஸுக்குத்தான். எடை, உலோகம், தாடி, பின்பக்கம், மூன்று எழுத்து என ஐந்து சாட்சிகளும் ஒரே ஆளைக் காட்டிய பிறகுதான் சீட்டில் பெயரை எழுதினேன். அந்த மூன்று எழுத்து இல்லாவிட்டால் எழுதியிருக்க மாட்டேன்.

எந்தச் சேதம் தகும், எது தகாது

மோசமான நிலை என்ற ஒரே பெயரில் பல விஷயங்களை அடக்கிவிடுகிறார்கள். பிரித்துப் பார்க்க வேண்டும். ஏலத் தர வரிசையில் 'குட்' என்று இருந்தால் அது அடித்தட்டுத் தரம் என்பதையும் புதியவர்கள் தெரிந்துகொள்ளுங்கள்.

கையில் புழங்கித் தேய்ந்த காசு எனக்கு முதல் விருப்பம். தேய்மானம் நேர்மையானது. மேடு முதலில் போகும், பள்ளம் பிறகு போகும். மிச்சம் இருப்பதை நம்பிப் படிக்கலாம். மண்ணில் கிடந்து அரித்த காசு அப்படியில்லை. அரிப்பு எங்கே வேண்டுமானாலும் தின்னும், இல்லாத எழுத்தை இருப்பதுபோல் காட்டும். குழிகுழியாக அரித்த காசில் நான் எழுத்தை நம்புவதில்லை, உருவத்தை மட்டுமே நம்புவேன். வெள்ளி மண்ணுக்கடியில் நெடுங்காலம் கிடந்து உள்ளே படிகமாகிவிட்டால், கீழே விழுந்தால் ஓட்டுச் சில்லுபோல் உடையும். அப்படிப்பட்ட காசை மெத்தென்ற துணி விரித்த மேசைக்கு மேலேதான் எடுக்க வேண்டும். செம்பின் மேல் வெள்ளி பூசிய அக்காலப் போலி டெனாரியஸ்களில் தேய்ந்த மேட்டில் செம்பு எட்டிப்பார்க்கும். எடையும் குறைவாக வரும். அவையும் அக்காலத்தவை என்பதால் சேர்க்கலாம், சீட்டில் அப்படியே எழுதிவைத்துக்கொண்டு.

சேதமே வரலாறாக ஆன காசுகள் தனி இனம். எனக்கு மிகவும் பிடித்தவை இவைதான். தெற்கு பிரான்சின் நீம் நகரத்தில் அகஸ்டஸ் காலத்தில் அடித்த செப்புக் காசில் அகஸ்டஸும் அக்ரிப்பாவும் முதுகோடு முதுகாக இருப்பார்கள், பின்பக்கம் பேரீச்சை மரத்தில் சங்கிலியால் கட்டிய முதலை. சில்லறை வேண்டும் என்று அதை அந்தக் காலத்திலேயே நடுவில் வெட்டிப் பாதியாகச் செலவு செய்தார்கள். பாதிக் காசில் ஒரு தலை, அரை முதலை. இதை உடைந்த காசு என்று ஒதுக்குவது தவறு. ரோமின் பத்தாம் ஃப்ரெடென்சிஸ் படைப்பிரிவு, எழுத்தெல்லாம் தேய்ந்துபோன பழைய செப்புக் காசுகளின் மேல் காட்டுப்பன்றி, கப்பல், தன் பெயரெழுத்து இவற்றை முத்திரையாகக் குத்தியது. கி.பி. 70-க்குப் பின் எருசலேமில் நிலைகொண்டிருந்த படை அது. அடிக்காசு யாருடையது என்றே சொல்ல முடியாத அளவுக்குத் தேய்ந்திருக்கும், மேலே குத்திய பன்றி மட்டும் பளிச்சென்று இருக்கும். இந்தக் காசை அரிதாக்குவது அந்த முத்திரை, அது பிழைத்திருக்கிறது. அவ்வளவுதான் வேண்டும்.

ஸ்பெயினின் பில்பிலிஸ் நகரம் கி.பி. 31-இல் பேரரசர் திபேரியஸோடு அவருடைய மெய்க்காவல் படைத் தலைவர் செஜானஸையும் கான்சல் என்ற உயர் பதவியில் பெயர் குறித்துக் காசு அடித்தது. அதே ஆண்டில் செஜானஸ் கொல்லப்பட்டார். காசிலிருந்து அவர் பெயரை உளியால் வெட்டி நீக்கிய படிகள் இருக்கின்றன. கி.பி. 211-இல் இணைப் பேரரசர் கெட்டாவை அண்ணன் கரகல்லா கொன்ற பிறகு, இன்றைய துருக்கியில் இருக்கும் காரியாவின் ஸ்ட்ராடோனிக்கேயா நகரக் காசுகளில் கெட்டாவின் முகத்தை மட்டும் சுரண்டி எடுத்திருக்கிறார்கள். காசின் ஒரே பக்கத்தில் ஒருபுறம் அண்ணன், அவருக்கு எதிரே வெறும் சுரண்டல் பள்ளம். முகம் இருக்கும் காசும் அந்தப் பள்ளம் இருக்கும் காசும் ஒரே விலைக்குக் கிடைத்தால், நான் பள்ளத்தைத்தான் எடுப்பேன்.

வேண்டவே வேண்டாம் என்று நான் ஒதுக்குவது இரண்டு. ஒன்று, இக்காலத்தவர் உளியால் தலைமுடியையும் எழுத்தையும் மறுபடி செதுக்கியது. முகம் வழவழவென்று தேய்ந்திருக்க, முடி மட்டும் இழை இழையாகத் தெரிந்தால் உடனே சந்தேகப்படுங்கள். அரிய பெயர்களுக்குத்தான் இந்த வேலை அதிகம் நடக்கும். தாடி வைத்த வேறொரு பேரரசரின் காசில் நான்கு எழுத்தை மாற்றினால் 66 நாள் ஆண்டவர் கிடைத்துவிடுகிறாரே. அதனால் அரிய பெயரைக் காட்டும் அந்த எழுத்துகளையே லென்ஸ் வைத்து அதிக நேரம் பாருங்கள். பழைய எழுத்தின் அடிவாரத்தில் பட்டினா தொடர்ச்சியாக ஓடும். புதிதாகச் செதுக்கிய கோட்டின் ஓரத்தில் பட்டினா அறுந்திருக்கும்.

இரண்டாவது, வெண்கல நோய். இதைப் பாதுகாப்பு பற்றிச் சொல்லும்போது கீழே விளக்குகிறேன்.

போலிகள்

தேய்ந்த காசுக்குப் போலி யார் செய்வார்கள் என்று நினைக்காதீர்கள். தேய்மானம் போலியை மறைக்க நல்ல திரை. 1772-இல் பிறந்த ஜெர்மானியர் கார்ல் வில்ஹெல்ம் பெக்கர், தான் அச்சுவெட்டி அடித்த பழங்காசுப் போலிகளை இரும்புத்தூளோடு பெட்டியில் போட்டு, வண்டி அச்சில் கட்டி ஊர் சுற்றவிட்டுத் தேயவைத்தார் என்று சொல்வார்கள். இன்றைக்கும் வார்ப்புப் போலிகளைத் தேய்த்துத்தான் விற்கிறார்கள்.

உண்மையான தேய்மானத்தில் மேடு தேய்ந்திருந்தாலும் பள்ளத்தில், எழுத்தின் அடியில், ஒரு கூர்மை மிச்சமிருக்கும். வார்ப்பில் மேடும் பள்ளமும் ஒரே அளவில் மழுங்கி, கரைந்த சோப்புக் கட்டிபோல் இருக்கும். காசின் வெறும் பரப்பில் ஊசிமுனைக் குமிழிகள் தெரிகின்றனவா, விளிம்பைச் சுற்றி அரம் போட்ட தடம் இருக்கிறதா, எடை அந்த வகைக்குரியதா என்று பாருங்கள். ஒரே தேய்மானம், ஒரே கீறல் உள்ள இரண்டு காசு வெவ்வேறு இடத்தில் விற்பனைக்கு வந்தால் இரண்டும் ஒரே வார்ப்பில் பிறந்தவை. அதனால் நான் வாங்க நினைக்கும் காசின் படத்தைப் பழைய ஏலப் படங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன்.

வரலாறு தெரிந்தால் சில போலிகளைக் கையில் எடுக்கவே வேண்டாம். ஓத்தோவுக்கு ரோம் நாணயச்சாலை செம்பிலோ பித்தளையிலோ காசு அடிக்கவே இல்லை. அந்தியோக்கியாவில் செப்பும் அலெக்சாந்திரியாவில் மட்டமான வெள்ளியும் உண்டு. ரோமில் அடித்த ஓத்தோ செஸ்டர்டியஸ் என்று யாராவது நீட்டினால், எவ்வளவு அழகாகத் தேய்ந்திருந்தாலும் அது போலிதான்.

அதே சமயம், யாரும் கேள்விப்படாததெல்லாம் போலி என்றும் சொல்லிவிட முடியாது. 1900-இல் பிரான்சில் ஒரு புதையலில் இரண்டாம் டொமிஷியன் என்ற பேரரசர் பெயரில் ஒரு காசு கிடைத்தது. அப்படி ஓர் ஆளே இல்லை, போலி என்று நெடுங்காலம் ஒதுக்கிவைத்திருந்தார்கள். 2003-இல் இங்கிலாந்தின் சால்குரோவில், பானையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்த ஆயிரக்கணக்கான காசுகளைப் பிரித்தபோது அதே பெயரில் இரண்டாவது காசு வந்தது. முதல் காசு அடித்த அதே அச்சில் அடித்தது. ஒட்டிப்போன, துருப்பிடித்த குவியல்களையும் பொறுமையாகப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்.

வாங்கும்போது

விற்பவரிடம் நேர் வெளிச்சப் படம் போதாது, சாய்ந்த ஒளியில் இரண்டு படமும் விளிம்புப் படமும் எடையும் கேளுங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள். மொத்தமாகக் குவித்து விற்கும் 'இனங்காணாதவை' குவியலில் அரியது கிடைக்கும் என்ற ஆசையில் வாங்குவதைவிட, ஒரே ஒரு காசைப் படித்து வாங்குவது மேல் என்பது என் கருத்து. படிக்கப் பழகுவதற்கு மட்டும் ஒரு சின்னக் குவியல் வைத்துக்கொள்ளலாம்.

காசு எங்கிருந்து வந்தது என்பதற்கான தாள் நிலையைவிட முக்கியம். பழைய சேகரிப்பாளரின் சீட்டு, பழைய ஏலப் பட்டியலில் வந்த படம், ரசீது எதுவானாலும் காசோடு சேர்த்து வையுங்கள். கலைப்பொருள் கடத்தலைத் தடுக்கும் யுனெஸ்கோ உடன்படிக்கை 1970-இல் வந்தது, அதற்கு முன்பே கிடைத்த நாட்டுக்கு வெளியில் இருந்த காசு என்று காட்ட முடிந்தால் சிக்கல் குறைவு. சீசரைக் கொன்ற நாளைக் குறிக்கும் புரூட்டஸின் தங்கக் காசு ஒன்று 2020-இல் பெரும் விலைக்குப் போய், வரலாற்றுத் தாள் பொய் என்று தெரிந்து, 2023-இல் கிரேக்க நாட்டுக்குத் திரும்பியது. தேய்ந்த செம்புக் காசுக்கும் அதே சட்டம்தான். தோண்டி எடுத்த காசை அறிவிப்பது, நாட்டைவிட்டு எடுத்துச் செல்வது, விற்பது எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு நாட்டிலும் தனி விதி உண்டு. வாங்குமுன் விற்பவர் நாடு, உங்கள் நாடு இரண்டின் விதியையும் பாருங்கள். மண் ஒட்டிய புதுக் காசை, ஊர் பேர் சொல்லாமல் ஒருவர் நீட்டினால் அது எவ்வளவு அரிதானாலும் நான் தொடமாட்டேன். எந்த இடத்தில், எந்த ஆழத்தில், எதோடு சேர்ந்து கிடந்தது என்ற செய்தி அங்கேயே அழிந்துபோயிருக்கும்.

சுத்தம், பாதுகாப்பு

தேய்ந்த காசில் மிச்சமிருப்பது சில மைக்ரான் மேடு. அதைத் தேய்த்துவிடாதீர்கள். எலுமிச்சை, வினிகர், புளி, பற்பசை, கம்பித் தூரிகை எதுவும் கூடாது. காய்ச்சி வடித்த நீரில் ஊறப்போட்டு, நீரை மாற்றிக்கொண்டே வந்து, இளகிய மண்ணை மரக்குச்சியால் லென்ஸுக்கு அடியில் எடுங்கள். வாரக்கணக்கில் ஆகும். பட்டினாவைத் தாண்டி உலோகம் தெரிந்துவிட்டால் அந்த இடத்து எழுத்தும் போய்விட்டது என்று அர்த்தம். அதனால் பச்சைப் படலம் இறுக்கமாக ஒட்டியிருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள்.

இறுக்கமான பச்சை வேறு, வெண்கல நோய் வேறு. நோய் என்பது வெளிர் பச்சையில், குச்சியால் தொட்டால் உதிரும் மாவு. உலோகத்துக்குள் இருக்கும் குளோரைடு, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து செம்பைத் தின்று, தின்றதில் பிறக்கும் அமிலம் மறுபடி செம்பைத் தின்னும். தானாக நிற்காது. அதனால் புதிதாக வந்த செப்புக் காசு எதையும் சில வாரம் தனி டப்பாவில் வைத்துக் கவனித்த பிறகே மற்றவற்றோடு சேர்க்கிறேன். மாவு தெரிந்தால் அதைக் குச்சியால் எடுத்துவிட்டு, சலவை சோடாவும் சமையல் சோடாவும் சம அளவு கலந்த ஐந்து சதவீதக் கரைசலில் ஊறப்போட்டு, கரைசலை மாற்றிக்கொண்டே வர வேண்டும். பிறகு காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, முழுக்க உலர்த்தி, மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு மெல்லியதாகப் பூச வேண்டும். மாதக்கணக்கில் நடக்கும் வேலை, பட்டினாவின் நிறமும் சற்று மாறலாம். பரவாயில்லை, காசு மிஞ்சும்.

பிவிசி உறைகளில் போடாதீர்கள், அதன் மென்மையூட்டி கசிந்து காசின் மேல் பிசுபிசுப்பான பச்சையாகப் படியும். பாலியெஸ்டர் உறை நல்லது. பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பை ஒன்று போட்டு, அது ஈரம் குடித்து நிறம் மாறினால் சூடாக்கி மறுபடி போடுங்கள்.

உறைக்குள் வைக்கும் சீட்டில் நான் மூன்று வரி எழுதுவேன். முதல் வரியில் உறுதியாகத் தெரிந்தது: உலோகம், எடை, விட்டம், பேரரசர். இரண்டாவதில் அதற்குச் சாட்சி: 'தலைக்கு மேல் மூன்று எழுத்து, பின்பக்கம் இரண்டு கொடி' என்பது போல. மூன்றாவதில் தெரியாதது. எனக்குப் பின் அந்தக் காசைக் கையில் எடுப்பவர் டார்ச்சோடு உட்கார வேண்டிய இடம் அந்த மூன்றாவது வரி, அதனால் அதை மட்டும் பென்சிலால் எழுதுகிறேன்.